நாற்பத்தொன்றாவது தலை

அந்த மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவளை எல்லோரும் ஸ்கேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த வாட்ச்மேனுக்கும் அவள் அக்காதான். வேலைக்குச் சேர்ந்து இருபத்துநான்கரை வருடம் ஆகிறது. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத தளத்தில், காந்த இயந்திரம் இருக்கும் அறைக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் தன் நாற்காலிக்கும் நடுவிலேயே பாதி ஆயுள் போயிருந்தது. உள்ளே போகிறவர்களின் சாவி, மோதிரம், ஹேர்பின், பெல்ட் எல்லாவற்றையும் வாங்கி ஒரு தட்டில் வைப்பாள். பெயரை மூன்று தடவை கேட்பாள். "ஒரு தடவை சொன்னா காதுல விழாதா" என்று எரிந்து விழுபவர்களிடமும் மூன்று தடவை.

இரண்டு வருடமாகக் காலை நேரத்தில் நோயாளிகள் இல்லை, ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள்தான். மூன்றாவது மாடியில் ஒரு டாக்டர், நாற்பது வயதிருக்கும், ஆண் மூளைக்கும் பெண் மூளைக்கும் என்ன வித்தியாசம், திருநங்கைகளின் மூளையும் திருநம்பிகளின் மூளையும் அதில் எங்கே வந்து நிற்கின்றன என்று படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணினியில் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார். படத்தைக் கொடுத்தால் அது பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண் சொல்லும். பூஜ்யம் ஆண் பக்கம், நூறு பெண் பக்கம். பொதுவாக ஆண்களுக்குத் தலை கொஞ்சம் பெரிது என்பதால்தான் அது பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது, அந்த அளவைக் கழித்துவிட்டால் அதற்கே குழப்பம் வந்துவிடுகிறது என்பதை டாக்டரே ஒத்துக்கொள்வார். சோதனைக்காக அக்காவின் தலையையும் எடுத்திருந்தார்கள். இருபத்தொன்பது வந்தது.

"ஆண் பக்கமா சாய்ஞ்சிருக்கீங்க அக்கா" என்றார் டாக்டர்.

"அதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. அவருக்கு ஏற்கெனவே அந்தச் சந்தேகம் இருக்கு."

ஆராய்ச்சியில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். நாற்பத்தொன்று வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. முப்பத்துநான்கு வயது திருநங்கை. உயரம், ஒல்லி, பின்னல் போட்ட தலைமுடி. ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னாள்.

"அப்போ டீச்சர்" என்றாள் அக்கா.

"டீச்சர்தான். பயந்து நடுங்குற ஆளுங்க பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு பயப்படாத மாதிரி நடிக்கிறதுதான் என் தொழில்."

"என் தொழிலும் அதேதான். கம்மலைக் கழட்டுங்க."

டீச்சர் கம்மலைக் கழற்றினாள், செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தாள். இயந்திர அறைக்குள் நுழைந்ததும் புதிதாக வருகிறவர்கள் பார்ப்பது போல அந்தப் பெரிய வட்டத் துளையைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மேற்கூரையைப் பார்த்தாள்.

"மீனை எல்லாம் எடுத்துட்டீங்களா?"

அக்கா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. குழந்தைகள் பயப்படக் கூடாதென்று ஒரு காலத்தில் அந்தக் கூரையில் நீலக் காகிதத்தில் மீன்கள் வெட்டி ஒட்டியிருந்தார்கள். பழைய இயந்திரத்தை எடுத்துப் புதிதை வைத்தபோது கூரையையே மாற்றிவிட்டார்கள். இருபது வருடத்துக்கும் மேலிருக்கும். அந்த மீன்களை அக்காவே மறந்துபோயிருந்தாள்.

"மீன் இருந்தது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"யாரோ சொன்னாங்க" என்று டீச்சர் மேசைமேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். தலையை எங்கே வைக்க வேண்டும், கையை எப்படி ஒட்டி வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசிப் பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் கண்ணைத் திறந்தபடி சும்மா படுத்திருக்க வேண்டும். தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு சின்னக் கேமரா உண்டு. அக்காவின் மேசையில் ஒரு திரை முழுக்க ஒற்றைக் கண் தெரியும். பல நூறு கண்களை அப்படிப் பார்த்திருக்கிறாள். சொருகும், துடிக்கும், சலித்துப்போய் எதையாவது எண்ணும். இந்தக் கண் மெதுவாக இடமிருந்து வலமாகப் போனது. கொஞ்சம் நின்றது. திரும்பி வந்தது. எதையோ பின்தொடர்வது போல மறுபடியும் போனது. அதற்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்தது வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக். பத்து நிமிடமும் அது அப்படியே போய்ப் போய் வந்தது. ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியதை அக்கா பார்த்தாள். மைக்கில் ஏதாவது கேட்கலாமென்று நினைத்தாள். ஏனோ கேட்கவில்லை.

வெளியே வந்த டீச்சர் கம்மலை மாட்டிக்கொண்டு, "எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

"எண்ணெல்லாம் யாருக்கும் சொல்ல மாட்டாங்கம்மா."

"எண்ணைக் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

வியாழக்கிழமை மதியம் டாக்டர் போன் செய்தார். "அக்கா, கொஞ்சம் மேல வர முடியுமா? ஒன்னு சரியாப் புரியல."

அவருடைய கணினியில் இரண்டு மூளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே ஆள் இரண்டு முறை கலந்துகொண்டுவிடக் கூடாது என்பதற்காக, வருகிற ஒவ்வொரு படத்தையும் நிரல் மருத்துவமனையின் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். மூளையின் மேல் மடிப்புகள் ஆளுக்கு ஆள் வேறு. வளர்ந்தாலும் அந்தக் கோலம் பெரிதாக மாறாது. நாற்பத்தொன்றைப் போட்டதும் நிரல் நின்றுவிட்டிருந்தது. இந்த நபர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறார் என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி: இந்த நபர் இறந்துவிட்டார்.

"பழைய படம் இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தினது" என்றார் டாக்டர். "பத்து வயசுப் பையன். தலைவலின்னு வந்திருக்கான். படத்துல கோளாறு எதுவும் இல்லன்னு எழுதியிருக்காங்க. பன்னிரண்டு வயசுல இறந்துட்டான். ஃபைல்ல இருக்கு."

"உறவா இருக்குமோ?"

"நானும் பாத்தேன். நாற்பத்தொன்னோட அண்ணன். இரட்டைப் பிள்ளைங்க." அவர் ஒரு படத்தை இழுத்து இன்னொன்றின் மேல் வைத்தார். சின்ன மூளையைக் கொஞ்சம் பெரிதாக்கினார். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று போய் உட்கார்ந்தன. எது எது என்று தெரியாமல் ஒரே மூளையாகிவிட்டது. "இரட்டையரா இருந்தாலும் மடிப்பு இப்படி ஒத்துப்போகாது அக்கா. கைரேகை மாதிரி. இது கூடப்பிறந்தவங்க தலை இல்ல. இதே தலைதான். செத்துப்போன பையனோட தலையைத்தான் நீங்க செவ்வாய்க்கிழமை படம் எடுத்திருக்கீங்க."

அவர் விளையாட்டுக்காகத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு அவரும் சிரிக்கவில்லை.

அக்கா பழைய படத்தின் மூலையைப் பார்த்தாள். தேதி, நேரம், பையனின் பெயர், அதன் கீழே படம் எடுத்தவரின் முதலெழுத்துகள். அவை அவளுடையவை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்த சமயம்.

"ஃபைல் மாறியிருக்கும்" என்றாள்.

"மாறினா எங்க மாறுச்சுன்னு கண்டுபிடிக்கணும். இன்னொரு தடவை அவங்களைக் கூப்பிட்டு எடுத்துப் பாருங்க."

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அக்கா அந்த நாளை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள். ஒரு முகமும் எழவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது கணவன் ஏதோ கேட்டான். அப்போது, கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல், தாழ்வாரத்துப் பெஞ்சு கண் முன்னால் வந்தது. கட்டம்போட்ட சட்டையில் ஒரு சிறுவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். மடியில் நான்கு செருப்புகள். இரண்டு காலுக்கு எதற்கு நான்கு செருப்பு என்று நினைத்தபடி தான் கதவைச் சாத்தியது வரைக்கும் வந்தது.

படம் சரியாக விழவில்லை என்று சொல்லி டீச்சரை மறுபடியும் வரச் சொன்னார்கள். அவள் எதுவும் கேட்காமல் வந்தாள். அக்கா முதலில் தண்ணீர் நிரம்பிய சோதனை உருண்டையை வைத்து இயந்திரத்தைச் சரிபார்த்தாள். பெயரை மூன்று தடவை கேட்டாள். கையில் கட்டிய பட்டையைப் படித்தாள், திரையில் படித்தாள், மறுபடியும் கையில் படித்தாள். படம் எடுத்து மேலே அனுப்பினாள். கால் மணி நேரத்தில் டாக்டரிடமிருந்து பதில் வந்தது: அதே தலை.

உடை மாற்றும் அறை வாசலில் டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?" என்றாள் டீச்சர்.

"என்னன்னு நீங்கதான் சொல்லணும்."

டீச்சர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தலைவலி பெரியவனுக்குத்தான். என்னைவிட ஏழு நிமிஷம் பெரியவன். அப்பா ஃபார்மை எழுதிக் கொடுத்துட்டு வண்டியை நகர்த்தி வைக்கப் போனார். உள்ள இருந்து அந்தச் சத்தம் கேட்டுச்சு. அவன் நடுங்கிட்டான். நீ போடான்னான். எங்களுக்கு இது புதுசில்லக்கா. அவனுக்கு வராத பாடத்துக்கு நான் பரீட்சை எழுதியிருக்கேன். எனக்கு விழ வேண்டிய அடியை அவன் வாங்கியிருக்கான். ஆள் மாறக் கூடாதுன்னு ரெண்டு பேர் சட்டைப் பையிலயும் பேர் எழுதின சீட்டு குத்தியிருந்தாங்க, அதை மாத்திக் குத்திக்கிட்டோம். அவ்வளவுதான்."

"நான் பேர் கேட்டேனா?"

"கேட்டீங்க. அவன் பேரைச் சொன்னேன். சமத்துன்னு கன்னத்தைத் தட்டினீங்க."

அக்கா அந்தக் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"பன்னிரண்டு வயசுல, ஸ்கூல்ல கை கழுவுற இடத்துல விழுந்தான். தலைக்குள்ள ரத்தக் குழாய் ஒன்னு முடிச்சு விழுந்த மாதிரி இருந்துச்சாம். பிறக்கும்போதே இருந்திருக்கும்னாங்க. அப்பா பழைய படத்தை எடுத்துட்டு வந்து, இதுல ஏன் தெரியலன்னு கத்தினார். பெரிய பெரிய டாக்டருங்க எல்லாம் வெளிச்சத்துல வச்சுத் திரும்பத் திரும்பப் பாத்தாங்க. அதுல ஒன்னுமே இல்லன்னாங்க. எப்படி இருக்கும்? நான் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் திறக்கல. அப்பா கடைசி வரைக்கும் படம் எடுத்தவங்களைத் திட்டிக்கிட்டேதான் செத்தார்."

"சரியாத்தான் திட்டியிருக்கார்" என்றாள் அக்கா.

"உங்களைத் திட்ட நான் வரல. இந்த ஆராய்ச்சி ஃபார்ம்ல ஒரு கேள்வி கேட்டிருந்தீங்க. உங்களைப் பெண்ணா முதல்ல எப்போ உணர்ந்தீங்கன்னு. பத்து வயசுன்னு எழுதினேன். எங்கேன்னு நீங்க கேக்கல." அவள் திறந்திருந்த கதவு வழியே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த இயந்திரத்தைக் காட்டினாள். "அங்கதான். உள்ள படுத்திருக்கேன். நீங்க மைக்ல பெரியவன் பேரைச் சொல்லி, அசையாம இருன்னு சொல்றீங்க. நான் அவன் இல்ல. என் பேர் எழுதின சீட்டு வெளிய அவன் பையில இருக்கு. அப்போ இங்க படுத்திருக்கிறது யாருன்னு யோசிச்சேன். ஒரு பொண்ணு படுத்திருக்கான்னு தோணுச்சு. யாரும் சொல்லிக் கொடுக்கல. அவ்வளவு சத்தத்துக்கு நடுவுல அப்படி ஒரு நிம்மதி. மேல மீனைப் பாத்துக்கிட்டே உள்ள போனேன், உள்ளயும் அது நீந்துற மாதிரியே இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். என் வாழ்க்கையில அதுதான் நல்ல அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்துலதான் அவனை நான் கொன்னிருக்கேன்."

"பத்து வயசுப் பிள்ளை யாரைக் கொல்லும்? சீட்டைப் படிச்சு முகத்தைப் பாக்க வேண்டியது என் வேலை" என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு, அதை டாக்டரிடமும் சொல்ல வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள். செய்த மாத்திரத்தில் பயமும் வந்தது.

"ஆராய்ச்சிக்கு ஏன் வந்தீங்க?"

"பழைய படங்களோட ஒப்பிடுவோம்னு ஃபார்ம்ல இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷமா என் வாயால சொல்ல முடியல. மிஷின் சொல்லிடும்னு வந்தேன்." பிறகு கேட்டாள்: "அது என்னை என்னன்னு சொல்லுச்சு?"

விதிப்படி சொல்லக் கூடாது. "ஐம்பத்திரண்டு" என்றாள் அக்கா. "பத்து வயசுப் படத்துக்கும் ஐம்பத்திரண்டு."

"அப்படின்னா?"

"தெரியலன்னு அர்த்தம்னு டாக்டர் சொல்றார்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்கா இவ்வளவு சத்தம்."

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெடுநேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "அந்தப் பையனை நினைச்சா கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். பிறகு, அடக்க முடியாமல், "ஆனா இதோட அருமை உங்களுக்குப் புரியுதாக்கா? ஒரே ஆளோட மூளை. எதுவும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு, ஹார்மோன் எல்லாம் எடுத்து இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒன்னு. யார்கிட்ட இருக்கும் இது?" என்றார். பத்து வயதுப் படம் இறந்துபோன சிறுவனின் பெயரில் இருப்பதால் அதைத் தொடவும், பதிவைத் திருத்தவும் அவனுடைய அம்மாவின் கையெழுத்து வேண்டும் என்றார்.

அப்படித்தான் அக்கா அந்த வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. டீச்சர் கூட்டிப்போனாள். அந்த அம்மா அஞ்சலகத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. எல்லாம் அததன் இடத்தில் இருந்தது. செருப்புகள்கூடச் சுவருக்கு இணையாக.

"ஒரு கடுதாசி தப்பான பெட்டிக்குப் போனதில்ல என் கையால" என்று வந்தவளிடம் தன்னைப் பற்றிச் சொன்னார். மகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதை அக்கா கவனித்தாள். டீச்சர் தானே வைத்துக்கொண்ட பெயரையும் சொல்லவில்லை, பழைய பெயரையும் சொல்லவில்லை. "இந்தா", "அங்க வை", அவ்வளவுதான். கோபம் இல்லை. விலாசம் இல்லாத கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர் போல ஒரு தயக்கம்.

தண்ணீர் எடுத்துவர அவர் சமையலறைக்குப் போனபோது அக்கா திறந்திருந்த படுக்கையறையைப் பார்த்தாள். ஜன்னலில் திரைச்சீலைக்குப் பதிலாக ஒரு ஸ்கேன் ஃபிலிம் தொங்கியது. மேலே இரண்டு கிளிப். நாலுக்கு ஐந்து வரிசையாக இருபது மூளைகள், வெயில் பட்டு வெளிறிய நீலத்தில். வெயில் அதன் வழியாக வந்து கட்டில் விரிப்பின் மேல் இருபது சாம்பல் நிழல்களாக விழுந்திருந்தது. கிட்டே போகாமலே மூலையில் இருந்த முதலெழுத்துகள் அக்காவுக்குத் தெரிந்தன.

"அவன் போனதுலருந்து அங்கதான் இருக்கு" என்று டீச்சர் மெல்லச் சொன்னாள். "காலையில எழுந்ததும் அதுகிட்ட பேசுவாங்க. பல்லு தேச்சியா, ராத்திரி தூங்கினியான்னு. என்கிட்ட அவ்வளவு பேசினதில்ல. அடுத்த அறையில படுத்துக்கிட்டு எல்லாம் கேட்டிருக்கேன். என் தலைக்குள்ள இருக்கிறதைப் பாத்துக்கிட்டே அவன் பேரைச் சொல்லுவாங்க. சில நாள் நானே ம்னு பதில் சொல்லியிருக்கேன், அவங்களுக்குக் கேக்காம."

அம்மா தண்ணீரோடு வந்தார். டீச்சர் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்காரும் பெண், கையை முழங்காலில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அந்தப் படம் எடுத்தது நான்தான்."

அவள் எதையும் சுற்றி வளைக்கவில்லை. பெஞ்சு, சீட்டு, தான் முகத்தைப் பார்க்காதது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். முடிந்ததும் அம்மா எழுந்து படுக்கையறைக்குப் போய் ஜன்னல் முன்னால் நின்றார்.

"பேர் எழுதியிருக்கே" என்றார், மூலையில் விரலை வைத்து.

"பேர் தப்பும்மா" என்றாள் அக்கா.

"அவன் எங்க இருந்தான் அப்போ?"

டீச்சருக்கு இப்போது குரல் வந்தது. "வெளிய. பெஞ்சுல. என் செருப்பையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு."

"பயந்தானா?"

"ரொம்ப."

"நீ பயந்தியா?"

அந்தக் கேள்வியை டீச்சர் எதிர்பார்க்கவில்லை. "இல்லம்மா."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். "அப்போ இவ்வளவு நாளா நான் பேசிக்கிட்டிருந்தது உன்கிட்ட."

"ஆமா."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்த."

"ஆமாம்மா."

அவர் கிளிப்பைக் கழற்றினார். இருபத்திரண்டு வருடமாக மறைந்திருந்த ஜன்னல் வெளிச்சம் முழுதாக உள்ளே விழுந்தது. அந்த அறையில் யாருடைய முகமும் பார்க்கும்படி இல்லை. கட்டிலில் நிழல்கள் இல்லாத விரிப்பை அவர் கையால் தடவிப் பார்த்தார், ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல. "அவனுக்குன்னு ஒன்னுமே இல்லாம போச்சு" என்றார். பிறகு, "இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார். கையெழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் அம்மா மகளின் போனை எடுக்கவில்லை. டீச்சர் தினமும் மாலையில் அந்தத் தெருவில் ஏதாவது ஒரு மாணவருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்தாள், இரண்டாம் மாடி ஜன்னல் தெரியும்படி. ஜன்னலில் ஒன்றும் தொங்கவில்லை. விளக்கு எரிந்தது, அணைந்தது. அது போதும் என்று அக்காவிடம் சொன்னாள்.

அக்கா தன் தவறை எழுதிக் கொடுத்தாள். விசாரணைக் குழுவில் மூன்று பேர் அவளை ஒரு முழுக் காலை உட்கார வைத்துக் கேட்டார்கள். இருபத்துநான்கு வருடத்துக்கு முந்தியது என்பதாலும் தானே சொன்னாள் என்பதாலும் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். அவளுக்கு அது இலேசாக இருக்கவில்லை. வேலையில் ஏதோ மாறிப்போயிருந்தது. யாரையாவது உள்ளே தள்ளிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, தாழ்வாரத்தில் வேறு ஒருவர் அதே பெயரோடு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். எழுந்து போய்ப் பார்ப்பாள். பெஞ்சு காலியாக இருக்கும். சில நாள் அதில் கை வைத்துப் பார்ப்பாள், சூடாக இருக்கிறதா என்று. அப்படிச் செய்வதை யாரிடமும் சொல்லவில்லை.

நான்காவது வாரம் அம்மா தானே மகளுக்குப் போன் செய்து வரச் சொல்லி, மருத்துவமனைக்கு வந்தார். கூடவே டீச்சர், காரைக் கொண்டுவந்து விட்டவளாக, இரண்டடி பின்னால். பழுப்பு உறையில் ஃபிலிம். அம்மா டாக்டரிடம் நேராகப் போய், "பெரியவன் பேரை இதுலருந்து எடுத்துடுங்க. யாரோடதோ அவங்க பேரைப் போடுங்க. ஆராய்ச்சிக்கு நான் தர முடியாது. அது இவளோடது, இவதான் சொல்லணும்" என்றார்.

டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தாள். டாக்டர் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் சரி என்றார். மருத்துவமனைப் பதிவில் பெரியவனுக்கு எதிரே 'படம் எடுக்கப்படவில்லை' என்று மாற்றினார்கள்.

பிறகு அம்மா அக்காவைப் பார்த்தார். "என் வயசுப் பொம்பளைங்களையும் எடுக்கிறீங்கன்னு இவ சொன்னா. என்னை உள்ள படுக்க வைக்க முடியுமா?"

"எதுக்கும்மா?"

"ஒருத்தன் பயந்தான். ஒருத்திக்குப் பிடிச்சிருந்துச்சு. ரெண்டுக்கும் நான் பக்கத்துல இல்ல. என்னன்னு பாக்கணும்."

அவருக்கு எண்பத்தேழு என்று எண் கொடுத்தார்கள். அக்கா பெயரை மூன்று தடவை கேட்டாள். அவர் மூன்று தடவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, "நல்ல பழக்கம்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. டீச்சரைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டாள். அனுமதி கிடையாது; இருந்தாலும்.

முதல் படம் ஓடும்போது எதுவும் இல்லை. பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டிய நேரம் வந்தது. திரையில் ஒரு வயதான கண். அது அசையவேயில்லை. அப்புறம் ஸ்பீக்கரில், இயந்திரத்தின் தட்டலுக்கு அடியில், அம்மாவின் குரல் கேட்டது. முதலில் பெரியவனின் பெயரைச் சொன்னார். கொஞ்சம் இடைவெளி விட்டுச் சின்னவனுக்கு வைத்திருந்த பெயரை. அடுத்து, இதுவரை அவர் வாயில் வராத பெயரை, டீச்சர் தானே வைத்துக்கொண்டதை, முதல் தடவை படிக்கும் விலாசம் போல எழுத்து எழுத்தாகச் சொன்னார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் மூச்சு நின்று மறுபடி தொடங்கியதை மட்டும் கேட்டாள்.

பேசக் கூடாது, பேசினால் தலை அசையும், படம் கெடும். மைக் பொத்தானுக்கு மேல் விரலை வைத்திருந்தாள். அழுத்தவில்லை.

உள்ளே அம்மா பேசிக்கொண்டே போனார். தட்டலில் பாதி அமுங்கிவிட்டது. "...ஒன்னும் பண்ணாது... சத்தம்தான்..." என்பது கேட்டது. பிறகு நிறுத்திக்கொண்டார். யாரோ சொல்வதைக் கேட்கிறவர் போல நெடுநேரம் சும்மா இருந்தார். கண் இடது பக்கம் போய் நின்றது. "ம்" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "சரிடா. நீ உக்காந்திரு. வந்துடறேன்" என்றார்.

டீச்சர் அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் தாழ்வாரத்துக் கதவைப் பார்த்தார்கள். போய்த் திறந்து பார்க்க இருவருமே எழவில்லை.

படம் உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அசைவில் கோடுகள் கலைந்து, ஒரு மண்டைக்குள் இன்னொன்று தள்ளித் தள்ளி விழுந்தது போல இருந்தது. நிரல் அதற்கு எண்ணே தரவில்லை. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டார்.

"ஒரு தடவை போதும்" என்றார் அம்மா. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு செருப்பை மாட்டினார், இன்னொன்றை மாட்டினார். மகளின் தோளைப் பிடித்து எழுந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டார்.